கீழாநெல்லியும் ஒரு பச்சை இழையும்

அப்பாவின் கண் மஞ்சளானதும் அத்தை பெரம்பூர் மார்க்கெட்டில் கீழாநெல்லி வாங்கி வந்து, வேரோடு அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார். ஐந்து நாளாகியும் மஞ்சள் இறங்கவில்லை. சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனது. ஸ்கேன் எடுத்ததும்தான் தெரிந்தது, பித்தநாளத்தில் கல் அடைத்திருக்கிறது என்று.

எண்டோஸ்கோபி வழியாகக் கல்லை எடுத்தார்கள். அப்புறம் பித்தப்பையை அகற்ற, சிறு துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோபி அறுவை. அதற்கு முன் இண்டோசயனின் கிரீன் என்ற சாயத்தை ஊசியில் ஏற்றினார்கள். கல்லீரல் அதைப் பித்தத்தோடு வெளியேற்றும். அகச்சிவப்பை ஒட்டிய ஒளியைப் பாய்ச்சினால் பித்தநாளம் திரையில் பச்சையாக மின்னும். சர்ஜன் அந்தப் பதிவை எனக்குக் காட்டினார். கொழுப்புக்கு நடுவே மெல்லிய பச்சை இழை ஒன்று. கத்தி படவே கூடாத குழாய் அது. பார்த்துக்கொண்டே நின்றேன், கண்ணில் நீர் முட்டியது.

அத்தையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இதே சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கீழாநெல்லியை, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவர்களுக்குக் கொடுத்து, 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. பின்னால் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. ஆனாலும் பாட்டி வைத்தியத்தைச் சோதனைக்குள் கொண்டுவந்தார்களே, அது பெரிய காரியம். அப்பாவுக்கு இருந்ததோ கிருமி அல்ல, கல்.

இப்போது யாருக்குக் காமாலை என்றாலும், "ஸ்கேன் எடுத்தீங்களா?" என்று அத்தைதான் முதலில் கேட்கிறார்.