பதினான்கும் பதினைந்தும்

நான் கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் தமிழ் வாத்தியார். பாலக்காட்டில் டிஜிட்டல் இலக்கியமும் கணினியும் பற்றி இரண்டு நாள் பயிலரங்கு என்றதும், சித்தூர் வட்டாரத்துப் பாட்டிமாரிடம் கேட்டு எழுதிய 62 நடவுப் பாட்டுகளோடு பஸ் ஏறிவிட்டேன். எல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியவை.

அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. முதல் நாள் காலை முழுக்க, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறிமுறைக்கு மாற்றுவதிலேயே போயிற்று. திரையில் தமிழ் பளிச்சென்று வந்தது. சரி, வேலை முடிந்தது என்று டீ குடிக்கப் போனேன்.

மதியம் சொல்லடைவு, அதாவது எந்தச் சொல் எங்கே வருகிறது என்ற பட்டியல். பைத்தான் என்ற நிரல் மொழியில் முதலில் எங்கள் ஊர்ப் பெயரைத் தேடினேன். இல்லை என்றது. மூன்றாவது பாட்டின் முதல் அடியிலேயே இருக்கிறது! மறுபடி தட்டினேன்; இல்லவே இல்லை.

"நீளம் கேட்டுப் பாருங்க சார்" என்றாள் பக்கத்தில் இருந்த கணினி மாணவி, வண்ணாமடைப் பெண். நான் தட்டிய 'கொழிஞ்சாம்பாறை'க்கு 14 வந்தது. பாட்டில் இருந்ததற்கு 15. நன்னூல் படித்தவனுக்கு அது ஏழே எழுத்து! கணினி எண்ணுவதோ எழுத்தை அல்ல, குறியெண்ணை. யூனிகோடில் 'க' ஒரு குறியெண். அதன் மேல் ஏறும் கொம்பு, கால், புள்ளி எதுவானாலும் இன்னொன்று. ஆக ஏழு இரண்டு பதினான்கு. கூடுதலாக வந்த ஒன்று 'கொ'வில் ஒளிந்திருந்தது. ஒகரக் குறிக்கென ஒரே எண் உண்டு. நான் பயன்படுத்திய மாற்றி நிரலோ கொம்பைத் தனியாக, காலைத் தனியாக வைத்திருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

பிரிந்து கிடக்கும் குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற முறையில் இயல்பாக்கும் ஒரு வரி நிரலை அந்த மாணவி சேர்த்தாள். ஊர் கிடைத்துவிட்டது. எதிர் மேசை மலையாள ஆசிரியர் சிரித்தார். அவர்களுடைய சில்லெழுத்துக்கும் (உயிர் சேராத தனி மெய்க்கான மலையாள வடிவம்) இதே பாடுதானாம்: 2008-இல் தனிக் குறியெண் வந்த பிறகும் பழைய கோப்புகளில் பழைய வடிவமே கிடக்கிறது.

மறுநாள் சொற்களைப் பிரிக்கையில் 'தமிழ்' துண்டு துண்டாக வந்தது. பைத்தானில் சொல்லைக் கண்டுபிடிக்கும் வழக்கமான தேடல் குறி நம் புள்ளியையும் கொம்பையும் எழுத்தாகவே மதிப்பதில்லை. இடைவெளியை வைத்துப் பிரித்து ஒப்பேற்றினோம்.

கட்டுரை வாசிக்கப் பத்து நிமிடம் தந்தார்கள். "இதில் இலக்கியம் எங்கே?" என்றார் ஒரு பேராசிரியர். கோபம் வந்தது, ஆனால் நியாயமான கேள்வி. 'ஏலேலோ'வை நான் நான்கு விதமாக எழுதி வைத்திருந்தேன். கணினியும் நான்கு சொல்லாக எண்ணியது. பாட்டிகள் நான்கு விதமாகப் பாடினார்களா, என் கைதான் தடுமாறியதா? அடுத்த ஞாயிறு கேட்கப் போகிறேன்.