கிரீன்ஸ்பரோவில் வளர்ந்த பெல்ட்: என் நாட்குறிப்பு

செப்டம்பர் 28, 2024

புது நோட்டின் முதல் வரி: ஹார்லி ரேஸ், ஜனவரி 1, 1975.

அமெரிக்காவின் வட கரோலினாவில், சார்லட் நகரை மையமாக வைத்து ரெஸ்லிங் நடத்திவந்தது ஜிம் கிராக்கெட் ப்ரமோஷன்ஸ். அவர்கள் கொண்டுவந்த யுனைடெட் ஸ்டேட்ஸ் ஹெவிவெயிட் பட்டம் யார் யார் இடுப்பில் இருந்தது என்று வரிசையாக எழுதிப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இன்று ஆரம்பித்துவிட்டேன்.

ஃப்ளோரிடாவில், டல்லஹாசியில் நடந்த இறுதிப் போட்டியில் ஜானி வீவரைத் தோற்கடித்து ரேஸ் பட்டம் வாங்கினார் என்று ரசிகர்களிடம் சொன்னார்கள். அப்படியொரு போட்டி நடக்கவே இல்லை. அந்தக் காலத்தில் புதுப் பட்டங்கள் பல இப்படித்தான் பிறந்தன. எங்கோ தூரத்து ஊரில் ஜெயித்ததாகச் சொன்னால் யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்?

அன்றைக்கு ரெஸ்லிங் வட்டாரம் வட்டாரமாகப் பிரிந்து கிடந்தது. வட்டார ப்ரமோட்டர்களின் கூட்டமைப்பான என்.டபிள்யூ.ஏ.வின் உலகச் சாம்பியன் ஒவ்வொரு வட்டாரமாகச் சுற்றுவார். வந்த இடத்தில் சில நாள் ஆடிவிட்டுக் கிளம்பிவிடுவார். மற்ற வாரங்களில் ஜனங்கள் எதற்காக டிக்கெட் வாங்குவார்கள்? அதற்காக வந்ததுதான் இந்தப் பட்டம். டெட்ராய்ட்டில் தி ஷேக் என்ற ரெஸ்லர் கையிலும் இதே பெயரில் ஒன்று இருந்தது, சான் பிரான்சிஸ்கோவிலும் இருந்தது. இரண்டாம் நிலைப் பட்டம் என்று சொல்வதே எனக்குப் பிடிப்பதில்லை. உலகச் சாம்பியன் விருந்தாளி. இந்த பெல்ட்டைக் கட்டியவர் வீட்டு மனிதர்.

அக்டோபர் 4

இன்றைய தேதிக்காகவே காத்திருந்தேன். 1975இல் இதே நாள். ஜூலையில் ரேஸிடமிருந்து பட்டத்தைப் பறித்த ஜானி வேலன்டைன்தான் அப்போது சாம்பியன். சார்லட்டிலிருந்து வில்மிங்டனுக்குப் போன சிறிய செஸ்னா விமானம், எரிபொருள் தீர்ந்து, இறங்கும் இடத்துக்கு முன்பே விழுந்தது. வேலன்டைனுக்கு முதுகெலும்பு போனது. அவர் மறுபடி ரிங்கில் ஏறவே இல்லை. கூட வந்த ரெஸ்லர் பாப் பிரகர்ஸும் அத்தோடு ரெஸ்லிங்கை விட்டார். விமானி பிறகு இறந்துபோனார். இன்னொரு ரெஸ்லர், 26 வயது ரிக் ஃப்ளேருக்கு முதுகெலும்பில் மூன்று இடத்தில் முறிவு.

என்னை உலுக்குவது அதே விமானத்தில் இருந்த ரெஸ்லர் டிம் வுட்ஸின் கதை. ரிங்கில் நடக்கும் கதையில் அவர் நல்லவர். வேலன்டைனும் ஃப்ளேரும் வில்லன்கள். எதிரிகள் ஒரே விமானத்தில் போனார்கள் என்று வெளியே தெரிந்தால் ரசிகர்களின் நம்பிக்கை உடைந்துவிடும். அதனால் ஆஸ்பத்திரியில் தன் நிஜப் பெயரைச் சொல்லி, தான் ஒரு ப்ரமோட்டர் என்றார். அப்படியும் பேச்சு கிளம்பியது. இரண்டே வாரத்தில், அடிபட்ட உடம்போடு ரிங்கில் ஏறி நின்றார். பார்த்தவர்கள், ‘இவர் அந்த விமானத்தில் இருந்திருக்கவே முடியாது’ என்று நினைக்க வேண்டும் என்பதற்காக. அந்த இரவு அவர் ஒவ்வொரு முறை கீழே விழும்போதும் எப்படி வலித்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். தூக்கம் வரவில்லை.

அக்டோபர் 6

ஆளில்லாமல் போன பட்டத்துக்கு நவம்பரில் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் ஒரு தொடர் வைத்தார்கள். இந்த முறை நிஜமாகவே. ஜெயித்தது டெர்ரி ஃபங்க். அதே மாதம் நன்றி தெரிவிக்கும் நாளில் பால் ஜோன்ஸிடம் இழந்தார். அடுத்த மாதமே மியாமியில் ஜாக் பிரிஸ்கோவை வென்று உலகச் சாம்பியனாகிவிட்டார்.

அப்புறம் பிளாக்ஜாக் மல்லிகன், பாபோ பிரேசில் என்று வரிசை நீள்கிறது. 1977 ஜூலையில் ரிச்மண்டில் பிரேசிலை வென்றவர் ரிக் ஃப்ளேர். இனி ரெஸ்லிங் வேண்டாம் என்று டாக்டர்கள் சொன்ன அதே முதுகோடு. அந்த வரியை எழுதும்போது கை தானாக அழுத்தி எழுதிவிட்டது.

இன்னொரு வரி: 1980, கிரெக் வேலன்டைன். ஜானியின் மகன். ஆரம்பத்தில் இவரை ஜானியின் தம்பி என்றுதான் அறிமுகப்படுத்தினார்கள். மகன் என்றால் அப்பாவுக்கு வயதாகிவிட்டது தெரிந்துவிடுமே. அப்பாவின் இடுப்பிலிருந்து விபத்து பறித்ததை ஐந்து வருடம் கழித்து மகன் கட்டிக்கொண்டார். 1983இல் இந்தப் பட்டத்துக்காக இவரும் ரோடி பைப்பரும் மோதிய மோதலில்தான் பைப்பரின் இடது காது பாழானது.

அக்டோபர் 14

மறுபடியும் அக்டோபர். 1986இல் இதே நாள், சார்லட்டில், மழை. ரெஸ்லர் மேக்னம் டி.ஏ.வின் போர்ஷே கார் கம்பத்தில் மோதியது. அவருக்கு 27 வயது. அடுத்த உலகச் சாம்பியன் அவர்தான் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்த நேரம். மறுபடி ரெஸ்லிங் ஆடவே முடியவில்லை.

அதற்கு முந்தைய கோடையில், என்.டபிள்யூ.ஏ. தலைவர் பாப் கைகலை அடித்ததற்காக மேக்னத்தின் பட்டத்தைப் பறித்ததாகக் கதை. காலியான பட்டத்துக்கு மேக்னமும் நிகிடா கோலாஃபும் ஏழு போட்டிகள் ஆடினார்கள். முதல் மூன்றிலும் நிகிடா. அடுத்த மூன்றிலும் மேக்னம். ஏழாவது ஆகஸ்ட் 17, சார்லட்டில், நிகிடாவுக்குப் போனது. நிகிடா மின்னசோட்டாக்காரர், ஆனால் ரஷ்ய வில்லன் வேடம். விபத்து நடந்து பத்து நாளில், யாரைக் கூட்டம் அத்தனை வெறுத்ததோ அவரே மேக்னத்தின் நண்பர் டஸ்டி ரோட்ஸுக்குத் துணையாக, ரிங்கைச் சுற்றிப் போட்ட இரும்புக் கூண்டுக்குள் வந்து நின்றார். கூட்டம் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அடிபட்டுக் கிடந்தவர் மேல் அந்த ஊர் வைத்திருந்த பாசம்தான் இவர் பக்கம் வந்தது என்று நினைக்கிறேன்.

நவம்பர் 2

தீபாவளி வேலையில் நோட்டைத் தொடவே இல்லை. 1987, லெக்ஸ் லூகர் என்ற வரியில் நிற்கிறேன்.

நவம்பர் 18

1988இல் கிராக்கெட் கம்பெனி தொலைக்காட்சி முதலாளி டெட் டர்னருக்குக் கைமாறியது. அதுதான் டபிள்யூ.சி.டபிள்யூ. 2001 மார்ச்சில் அதையும் போட்டிக் கம்பெனியான டபிள்யூ.டபிள்யூ.எஃப். வாங்கிவிட்டது. அந்த வருடம் இதே நாளில் எட்ஜ் டெஸ்டை வென்று, யு.எஸ். பட்டத்தை டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பின் இன்டர்கான்டினென்டல் பட்டத்தோடு சேர்த்து முடித்துவைத்தார். எங்கே தெரியுமா? கிரீன்ஸ்பரோ கலிசியத்தில். வளர்ந்த வீட்டிலேயே வழியனுப்பி வைத்தார்கள். 2003இல் டென்வரில் எடி கரேரோவோடு பட்டம் திரும்பி வந்தது. எடியை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனாலும் என் நோட்டு 2001இல் நிற்கட்டும்.

நவம்பர் 28

இன்று நன்றி தெரிவிக்கும் நாள், வியாழக்கிழமை. கிராக்கெட் கம்பெனியின் பெரிய வருடாந்திர நிகழ்ச்சியான ஸ்டார்கேடும் 1985இல் இதே தேதி, இதே கிழமை. கிரீன்ஸ்பரோ. டல்லி பிளான்சர்ட் சாம்பியன், எதிரே மேக்னம். இரும்புக் கூண்டு. ‘தோற்றேன்’ என்று மைக்கில் சொன்னால்தான் ஆட்டம் முடியும்.

மறுபடி போட்டுப் பார்த்தேன். இந்த ஆட்டத்தில் அழகான பிடி, தாவல் எதுவும் கிடையாது. இரண்டு பேர் முகத்திலும் ரத்தம். கேட்க வேண்டிய மைக்காலேயே ஒருவரையொருவர் அடிக்கிறார்கள். பதில் வாங்க மைக்கை வாயருகே நீட்டும்போது மூச்சிரைப்பு மட்டும் அரங்கம் முழுக்கக் கேட்கிறது. டல்லியின் துணைக்கு வந்த பேபி டால் ஒரு மர நாற்காலியைக் கூண்டுக்குள் வீசுகிறார். அது உடைந்து, கூரான ஒரு துண்டு டல்லியின் கையில். அதை மேக்னத்தின் கண்ணை நோக்கி இறக்குகிறார். மேக்னம் தடுத்து, பிடுங்கி, டல்லியின் நெற்றியில் வைத்து அழுத்துகிறார். டல்லி ‘யெஸ்’ என்று அலறுகிறார்.

நிறுத்திவிட்டு நோட்டை எடுத்தேன். ‘டல்லி பிளான்சர்ட், ஜூலை 1985, சார்லட்’ என்ற வரிக்குக் கீழே இத்தனை நாளாக வேண்டுமென்றே இடம் விட்டு வைத்திருந்தேன். எழுதினேன்: மேக்னம் டி.ஏ., நவம்பர் 28, 1985, கிரீன்ஸ்பரோ.