சதுரமும் வட்டமும்

பௌதிகம் படிப்பிக்கிறவரிடம் எவரும் வீட்டுக் கூரையைக் காட்டி யோசனை கேட்பதில்லை. கணித ஆசிரியரிடம் சீட்டுக்காசுக் கணக்கோடு யாரும் வருவதுமில்லை. உயிரியல் ரீச்சர் என்றால் மட்டும் சனத்துக்கு ஒரு உரிமை வந்துவிடுகிறது. இரத்தப் பரிசோதனைத் தாள், அடித்துப் போத்தலுக்குள் போட்ட பாம்பு, சுருண்ட மிளகாய்க் கன்று, வலையில் அகப்பட்ட பேர் தெரியாத மீன், எல்லாம் வீடு தேடி வரும். எண்பதுகளில் வேலைக்குச் சேர்ந்து மூதூர், கிண்ணியா, திருகோணமலை டவுன் என்று மாறி மாறிப் படிப்பித்து ஓய்வுபெற்றேன். கணக்குப் பார்த்தால் வகுப்பில் சொன்னதைவிடப் படலையடியில் நின்று சொன்னதுதான் கூட இருக்கும்.

ஒருவர் பேத்தை மீனோடு வந்தார். "ரீச்சர், ஈரலை எடுத்துப்போட்டு நல்லா அவிச்சால் சரிதானே?" சரியில்லை. பேத்தையில் இருக்கும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. ஈரலிலும் சினையிலும்தான் கூட என்றாலும் வெட்டும்போது தசையிலும் பட்டுவிடும். மாற்று மருந்தும் கிடையாது. சொன்னதும் மனிதரின் முகம் வாடிவிட்டது. பெரிய மீன், பாவம்.

என் பட்டம் தாவரவியலில். அப்போது உயர்தரத்தில் தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் பாடங்கள். விலங்கியல் ஆசிரியர் தவளையோடு மல்லுக்கட்ட, நான் கண்டல் வேர்களோடு நிம்மதியாக இருந்தேன். 2000ஆம் ஆண்டளவில் நான்கு பாடங்கள் மூன்றாகி, இரண்டும் உயிரியல் என்ற ஒரே பாடமானது. அந்த வயதில் நரம்புத் தொகுதியையும் சிறுநீரகத்தியையும் இரவிரவாக இருந்து படித்தேன். முறைப்பாடு ஒன்றுமில்லை. மனித உடலைப் படிப்பிக்கத் தொடங்கிய பிறகுதான் பிள்ளைகள் என்னோடு உண்மையாகக் கதைக்கத் தொடங்கினார்கள்.

போர்க்காலத்தில் கடல் இருந்தும் இல்லாத மாதிரித்தான். கோணேசர் கோயிலடியில் நின்றாலே சில மாதங்களில் திமிங்கிலம் மூச்சு ஊதுவது தெரிகிற ஊர் இது. கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே ஆழ்கடல் பள்ளம் ஏறி வருவதால் அவை கரைக்கு அவ்வளவு கிட்ட வருகின்றன. அப்படியான ஊரில் களப்பயணத்துக்கு அனுமதி எடுப்பது பெரும்பாடு. ஆகவே களத்தை நான் பையில் கொண்டு போவேன். மூதூர் லோஞ்சுக்கு ஏறும் இடத்தில் ஒருநாள் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். உள்ளே சேறும், மூச்சு வேர்களும், மரத்திலிருக்கும்போதே முளைத்து நீண்ட கண்டல் நாற்றுகளும். கூர்முனையோடு கிடந்த நாற்றுகளைப் பார்த்துச் சிப்பாய் முதலில் முகம் சுளித்தார். பிறகு ஒன்றைக் கையில் எடுத்து, அது சேற்றில் நேர்குத்தாக விழும் விதத்தைக் கையாலேயே செய்து காட்டினார். அவரும் களப்பு ஓரத்து ஊர்க்காரர் போல. அன்றைக்கு வகுப்பில் நான் அதே மாதிரித்தான் செய்து காட்டினேன்.

பரம்பரையைப் பற்றிய பாடமான பிறப்புரிமையியலில்தான் கவனமாக நடக்க வேண்டியிருந்தது. பாடம் என்னவோ சுத்தமானது. மெண்டலின் பட்டாணி, எதிருரு என்கிற பரம்பரை அலகின் மாற்று வடிவங்கள், வெளியே தெரியும் ஆட்சியான எதிருரு, ஒளிந்திருக்கும் பின்னிடைவான எதிருரு, மூன்றுக்கு ஒன்று. ஆனால் ஏபிஓ குருதி வகைக்கு வந்தவுடன் வழக்கமாக ஆசிரியர்கள் சொல்லும் ஒரு வீட்டுவேலை உண்டு: அம்மா, அப்பாவின் குருதி வகையைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். என்னோடு இருந்த மூத்த ஆசிரியை ஒருவர் அதைச் செய்ய வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவைத்தார். பெற்றோரில் ஒருவர் ஓ வகையாக இருந்தால் பிள்ளை ஏபி வகையாக இருக்க வழக்கமாக வழியில்லை. அந்த விதியைப் படித்துவிட்டு வீட்டில் கணக்குப் போடும் பிள்ளை, சொந்தக்காரர் தூக்கி வளர்த்த பிள்ளையாகவும் இருக்கலாம். இந்த ஊரில் அப்படி வளர்ந்தவர்கள் கொஞ்சப் பேரல்ல.

வம்சாவளி வரைபடம் இன்னும் சிக்கல். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்கு மேலே ஒரு சாய்கோடு. 2004 மார்கழிக் கடற்கோளுக்குப் பிறகு நிலாவெளிப் பக்கத்துப் பிள்ளைகளும் இருந்த வகுப்பில் அந்தச் சாய்கோட்டை எப்படிக் கரும்பலகையில் போடுவது? காணாமல்போன தகப்பனுக்கு எந்தக் குறியீடு என்று பாடநூல் சொல்வதில்லை. ஒரு பிள்ளையும் அதை என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை. விக்டோரியா மகாராணியின் குருதி உறையாமை நோய்க் குடும்பத்தைத்தான் வரைந்தேன். எங்களுக்கு ஒரு தொடர்பும் இல்லாத குடும்பம். எவ்வளவு சாய்கோடு போட்டாலும் யாருக்கும் வலிக்காது.

அதே வருடம் பிரசாரணத்தை, அதாவது உப்புக் கூடிய பக்கத்துக்கு மென்சவ்வூடாகத் தண்ணீர் போவதை, விளக்கக் கஷ்டப்படவில்லை. வாழையும் முருங்கையும் பட்டுப்போக, தென்னை நின்ற காரணத்தை அவர்களே சொன்னார்கள். கிணற்றை இறைத்து இறைத்துப் பார்த்தும் உப்புக் கூடுகிறதே என்று தகப்பன்மார் கேட்டார்கள். கடற்கரை மணலில் நன்னீர், பாரம் கூடிய உப்புநீரின் மேல்தான் மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே கிடக்கும் உப்புநீர் மேலே ஏறும். மழைக்குப் பொறுத்திருங்கோ என்றேன். தண்ணீருக்கு அந்தரப்படுகிறவர்களிடம் சொல்ல அது நல்ல பதிலில்லை, ஆனால் சரியான பதில்.

மச்சான், மச்சாள் கலியாணக் கேள்வி ஒவ்வொரு வருடமும் வரும், எப்போதும் வகுப்பு முடிந்த பிறகு, ஒரு தோழியின் பெயரில். முறைப்பையன் என்று சின்ன வயதிலேயே சொல்லிவைத்த வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் அவர்கள். மாமன் மகனும் அத்தை மகளும் பரம்பரை அலகில் சராசரியாக எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள்; இரண்டு பக்கமும் ஒரே பின்னிடைவான எதிருரு ஒளிந்திருக்கும் வாய்ப்பு அந்நியரைவிடக் கூட; பெரும்பாலான பிள்ளைகள் சுகமாகத்தான் பிறக்கின்றன; குடும்பத்தில் தலசீமியா போலப் பரம்பரை இரத்த நோய் ஏதும் இருந்தால் முதலில் இரத்தத்தைச் சோதியுங்கள். இவ்வளவுதான் சொல்வேன். கலியாணம் வேண்டாம் என்று நான் ஒருத்திக்கும் சொன்னதில்லை. அவளுடைய வீட்டில் சீதனத்தையும் காணியையும் வைத்துப் போடும் கணக்கு மெண்டலுக்குத் தெரியாது.

இனப்பெருக்க அலகை "வீட்டில் வாசியுங்கோ" என்று தாண்டிவிடும் ஆசிரியர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் கடும் கோபம் உண்டு. பரீட்சைக்கு வருகிற பகுதி என்பதற்காக இல்லை. அதை வீட்டில் வாசித்து விளங்கப்படுத்த ஆளில்லை என்பதற்காக. சூல்கொள்ளலைச் சொல்லும்போது பையன்கள் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்க்கட்டும், காது திறந்துதானே இருக்கிறது. இடைவேளையில் பெண்பிள்ளைகள் வருவார்கள், சில நாளில் அவர்களின் தாய்மாரும். சாமத்தியப்பட்ட பிள்ளைக்குக் கொடுக்கும் உளுத்தங்களியையும் நல்லெண்ணெயையும் நான் பழித்ததில்லை. பச்சை முட்டையை மட்டும் அவித்துக் கொடுங்கோ, கீரையையும் மீனையும் நிறுத்தாதேங்கோ, இரும்புச்சத்து வேணும் என்பேன். ஒரு உம்மா சிரித்துக்கொண்டே, "எங்கட உம்மாட்ட இத நீங்களே வந்து சொல்லுங்க ரீச்சர்" என்றார். போனேன். அந்தக் கிழவி நான் சொன்ன எதையும் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் தேத்தண்ணி தந்தார்.

2017 டெங்குக் காலத்தில் கிண்ணியா பட்ட பாட்டைத் தனியாக எழுத வேண்டும். அந்த வருடம் நாடு முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயாளிகளாகப் பதிவானார்கள். என் பழைய மாணவர்கள் சிலர் வீடு வீடாகப் போய்க் கிணற்றையும் சீமெந்துத் தொட்டியையும் பார்த்தார்கள். நீர்மட்டத்தோடு கிடையாகக் கிடந்தால் மலேரியா நுளம்பின் குடம்பி. தலைகீழாகச் சரிந்து தொங்கினால் டெங்கு நுளம்பு போன்ற மற்ற வகை. இதை நான் கரும்பலகையில் கீறியபோது தூங்கியவன் ஒருவன், டோர்ச் வெளிச்சத்தில் குனிந்து பார்த்து அயலவருக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தான்.

ஓய்வுபெறும்போது என் குறிப்புக் கொப்பிகளை அடுத்து வந்த இளம் ஆசிரியையிடம் கொடுத்தேன். பிறப்புரிமையியல் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்ததை வாசித்துவிட்டு, ஏன் பெற்றோரின் குருதி வகையைக் கேட்கக்கூடாது, ஏன் சொந்தக் குடும்பத்தை வரைய விடக்கூடாது என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மிஸ், இப்பத்தைப் பிள்ளையள் அதைத் தாங்குவினம்" என்றார். அவர் வரைய விடுகிறார். விரும்பினால் மட்டும் என்று சொல்லித்தான் விடுகிறாராம். ஒரு பிள்ளை அம்மப்பாவின் சதுரத்தில் சாய்கோடு போட்டுவிட்டு, பக்கத்தில் வருடத்தையும் எழுதி, அவரைப் பற்றி வகுப்புக்கு முன்னால் எழும்பிக் கதைத்ததாம். வகுப்பு அமைதியாகக் கேட்டதாம். பிள்ளைக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்கிறார் அவர். இருந்திருக்கலாம். ஒன்றும் வரையாமல் பின்வாங்கில் இருந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று நான் கேட்டேன். அடுத்த முறை பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.