யூசியில் இயற்பியல் மேஜர்: கவுன்சிலர் சொல்லாதவை

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜிலிருந்து (இரண்டாண்டுக் கல்லூரி) யூசி, அதாவது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்றில் இயற்பியல் மேஜருக்கு (முதன்மைப் பாடம்) இடம் கிடைத்துவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் கல்லூரியில் பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் கவுன்சிலர் அறையில் பட்ட எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

கம்யூனிட்டி காலேஜின் முதல் செமஸ்டருக்கு அவர் போட்டுக்கொடுத்த பட்டியலில் கலை வரலாறு, சமூகவியல், பேச்சுக்கலை எல்லாம் இருந்தன, இயற்பியலைக் காணோம். "பொதுப் பாடங்களை முதலில் முடி, மேஜர் பாடங்களை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். உளவியல் படிப்பவருக்கு அது சரிப்படலாம். இயற்பியலுக்கு ஆகாது. எங்கள் கல்லூரியில் முதல் கால்குலஸ் முடித்தால்தான் மெக்கானிக்ஸ், அது முடிந்தால்தான் மின்காந்தவியல், அதற்கப்புறம்தான் ஒளியியலும் நவீன இயற்பியலும். ஒரு செமஸ்டர் தள்ளிப்போனால் வரிசை மொத்தமும் தள்ளிப்போகும். கணக்கில் வேறு மல்டிவேரியபிள் கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா, டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ் காத்திருக்கும்.

வற்புறுத்திக் கேட்டபோது, "இதுவும் பிசிக்ஸ்தானே" என்று கால்குலஸ் இல்லாமல் அல்ஜீப்ரா வழியில் நடத்தும் வகுப்பைக் காட்டினார். பெரும்பாலும் உயிரியல் மாணவர்கள் எடுப்பது அது. நம் மேஜருக்குச் செல்லாது. எந்தப் பாடம் எதற்கு ஈடாகும் என்று காட்டும் அசிஸ்ட் இணையதளத்தை முன்னாலேயே பார்த்து வைத்திருந்ததால் தப்பித்தேன்.

அந்தத் தளத்தில் ஒரு பக்கம் பல்கலைக்கழகப் பாடம், எதிரே நம் கல்லூரியில் அதற்கு ஈடான பாடம். சில இடங்களில் இரண்டு மூன்று பாடங்களை ஒரே கட்டாகச் சேர்த்திருப்பார்கள். அதில் பாதியை இங்கேயும் மீதியை வேறு கல்லூரியிலும் படித்தால் ஈடு கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை.

எனக்கு வந்து வாய்த்ததும் அதுதான். ஆள் சேரவில்லை என்று மின்காந்தவியல் வகுப்பை, செமஸ்டர் தொடங்கும் நேரத்தில் ரத்து செய்தார்கள். பக்கத்துக் கல்லூரியில் இடம் இருந்தது. ஆனால் அவர்கள் பாடத்தைப் பிரித்திருந்த விதமே வேறு. கவுன்சிலர் கையை விரித்தார். இரண்டு கல்லூரிகளின் சிலபஸையும் இணைத்து, பல்கலைக்கழக இயற்பியல் துறையின் ஆலோசகருக்கே நேராக மின்னஞ்சல் போட்டேன். இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஏற்றுக்கொள்வதாகத் தெளிவாகப் பதில் வந்தது. அந்த வரியைப் படித்ததும் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன். இந்த மாதிரிப் பதில்களை எழுத்தில் வாங்கி, பிடிஎஃப் எடுத்து வையுங்கள். வாய்ச்சொல் எதற்கும் உதவாது.

விண்ணப்பம் போடுவதில் பெரிய சிரமம் இல்லை. நான்கு கேள்விகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் 350 சொல்லுக்குள் பதில், அவ்வளவுதான். டேக், அதாவது நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடம் நிச்சயம் என்ற உத்தரவாதம் வேண்டுமென்றால் செப்டம்பர் மாதத்திலேயே போட்டுவிட வேண்டும். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ மூன்றிலும் டேக் கிடையாது.

நவம்பரில் விண்ணப்பம் போனதும் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். மதிப்பெண்களையும், எடுக்கப்போகும் வகுப்புகளில் வந்த மாற்றங்களையும் ஜனவரி 31க்குள் யூசி விண்ணப்பத் தளத்தில் பதிய வேண்டும். ரத்தான வகுப்பை நீக்கிவிட்டு மாற்று வகுப்பைச் சேர்க்கவேண்டிய இடமும் அதுதான்.