பனைக்கு எந்த அலமாரி?

புதிதாக வந்த புத்தகத்தின் முதுகில் எண் ஒட்டுவது ஐந்து நிமிட வேலை. பனையைப் பற்றி வந்த ஒரு புத்தகத்துக்கு அந்த எண்ணை முடிவு செய்ய எனக்குப் பதினொரு நாள் பிடித்தது.

தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாக நூலகராக இருக்கிறேன். எங்களுடையது டியூயி தசமப் பகுப்பு. மெல்வில் டியூயி 1876இல் வெளியிட்ட முறை, பதிப்புக்குப் பதிப்பு திருத்தி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. சமூகம் 300, அறிவியல் 500, தொழில்நுட்பம் 600 என்று அறிவை முழுவதும் பத்துக் கட்டாகக் கட்டிவைத்திருப்பார்கள். என் மேஜைக்கு வந்த பனைப் புத்தகமோ எந்தக் கட்டிலும் அடங்கவில்லை. தாவரவியல் என்றால் 584. தோப்பு, காடு என்று பார்த்தால் 634. கருப்பட்டி காய்ச்சுவதை வைத்துப் பார்த்தால் 664. பனையேறிகளின் வாழ்க்கை என்றால் 300களில் எங்கோ. நான்கும் அந்த ஒரே அட்டைக்குள் இருந்தன.

முதலில் தாவரவியல் பேராசிரியரிடம் கொண்டுபோனேன். "இதுல யோசிக்க என்னம்மா இருக்கு, 584தான்" என்றார். பனை ஒருவித்திலைத் தாவரம். வேம்பு மாதிரி ஆண்டுதோறும் தண்டு பருத்துக்கொண்டே போகாது, வெட்டிப் பார்த்தால் ஆண்டு வளையமும் இருக்காது. பூர்வீகத்தைத் தேடிப்போனால் பனைக்கு வேம்பைவிட நெல்லும் வாழையும்தான் நெருங்கின சொந்தம். "எங்க துறையில மரம்ங்கறது ஒரு வகையே இல்ல. அது ஒரு உடல்வாகு. யாரு யாருக்குப் பிறந்தாங்கன்னுதான் நாங்க பார்ப்போம்."

பக்கத்து மேஜையில் இருந்த தமிழ்த்துறை ஐயா தலையை நிமிர்த்தினார். தொல்காப்பியத்தில் மரபியல் என்ற பகுதியிலிருந்து சொன்னார்: "புறக்கா ழனவே புல்லென மொழிப, அகக்கா ழனவே மரமென மொழிப." வெளியே வைரம் பாய்ந்தது புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம். பனையில் சட்டம் அறுத்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. வெளிச்சுற்றுதான் இரும்பு மாதிரி, உள்ளே நார் நாராக மென்மை. அடுத்து வரும் நூற்பாக்களில் ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை என்பவை புல்லுக்கு உரிய சொற்கள் என்றும், இலை, தளிர், பூ, அரும்பு போன்றவை மரத்துக்கு உரியவை என்றும் வருகிறது. இன்றைக்கும் நாம் பனையோலை என்றுதான் சொல்கிறோம், பனை இலை என்று யாரும் சொல்வதில்லை.

எனக்குப் புல்லரித்துவிட்டது. "அப்போ அன்னைக்கே கண்டுபிடிச்சிருக்காங்களே ஐயா" என்றேன். அவர் உடனே மறுத்தார். "அப்படிச் சொல்லிடாதீங்க. தாவரவியல்காரங்க வம்சாவளி பார்க்கிறாங்க. மரபியல் சொல்மரபு பார்க்குது. எதை எந்தச் சொல்லால சொல்றது தமிழ் வழக்குன்னு சொல்ற இடம் அது. ரெண்டும் ஒரே இடத்துல வந்து நிக்கறது சந்தோஷம்தான். அதுக்காக ரெண்டும் ஒரே கேள்வின்னு ஆயிடாது." இத்தனை ஆண்டுகளில் என் தொழிலைப் பற்றி நான் கேட்ட வார்த்தைகளில் மிகவும் பயன்பட்டது இதுதான்.

சட்டத்துக்கு வேறு கேள்வி. நூலகத்துக்கு வந்துபோகும் வழக்கறிஞர் ஒருவர் 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தை எடுத்துக் காட்டினார். 'மரம்' என்ற சொல்லுக்குள் பனை வகைகள், மூங்கில், புதர், பிரம்பு எல்லாவற்றையும் அது அடக்கிவிடுகிறது. (தமிழ்நாட்டுக்கு 1882ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு, ஆனாலும் நாடு முழுக்க வாதம் நடந்தது மத்தியச் சட்டத்தின் மேல்தான்.) எதை வெட்ட, எதை வண்டியில் ஏற்றிக்கொண்டு போக அனுமதி வேண்டும் என்பதே அந்தச் சட்டத்தின் கவலை. சொந்த நிலத்தில் மூங்கில் வளர்த்தவர்கள்கூட வெட்டவும் கொண்டுபோகவும் அனுமதிச் சீட்டுக்கு அலைந்தார்கள். 2017இல் திருத்தம் கொண்டுவந்து மூங்கிலை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். மூங்கில் அப்படியேதான் இருந்தது. ஒரு சொல்லை நீக்கியதில் பல விவசாயிகளின் பிழைப்பு மாறியது. பனை மட்டும் அந்தப் பட்டியலில் மரமாகவே நிற்கிறது.

எங்கள் நூலக உதவியாளரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய அப்பா பனையேறி. இத்தனை பேச்சையும் கேட்டுக்கொண்டே புத்தகங்களைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். "நீங்க என்ன நெனைக்கீங்க அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"புல்லோ மரமோ, அத வச்சி நாங்க என்ன செய்ய மேடம்? வடலியா, அலகா, பருவமா, அதத்தான் எங்கப்பா மொதல்ல பாப்பாவ." வடலி என்றால் இளம்பனை. அலகு ஆண் பனை, பருவம் பெண் பனை. இரண்டிலும் பதநீர் இறக்கலாம், பாளையைப் பக்குவப்படுத்தும் விதம்தான் வேறு. அப்புறம் கலயத்தைப் பற்றிச் சொன்னார். உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது பதநீர். தடவாமல் விட்டால் அதே பாளையின் அதே சாறு புளித்துக் கள்ளாகிவிடும். ஒன்றைக் குழந்தைக்குக் கொடுக்கலாம், மற்றதற்கு வழக்குப் போடுவார்கள். வேதியியல்காரர் இதை நொதித்தல் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். பனையேறிக்கு அது விரல்நுனிச் சுண்ணாம்பில் இருக்கிறது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உன் முன்னோர் யார், உன் உறுப்பை எந்தச் சொல்லால் அழைப்பது, உன்னை வெட்ட யாரைக் கேட்க வேண்டும், இந்தப் பருவத்தில் என்ன தருவாய் என்று பனையிடம் நான்கு பேர் நான்கு கேள்வி கேட்டிருக்கிறார்கள். நான்கு பதிலுமே சரி. என் ஒட்டுச்சீட்டில் இடம் ஒன்றுக்குத்தான்.

ஒரு துறைக்குள்ளேயே சண்டை வருவதும் உண்டு. எங்கள் பக்கத்து உடைமரத்தையும் கருவேலத்தையும் நான் படித்த காலத்தில் அகேசியா என்றோம். அந்தப் பேரினம் ஒரே வம்சம் இல்லை என்று தெரிந்து அதைப் பிரித்தபோது, பழைய பெயர் யாருக்கு என்ற கேள்வி வந்தது. 2005இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாடு அதை ஆஸ்திரேலிய வகைகளுக்குக் கொடுத்தது. எதிர்ப்பு அடங்காமல் 2011இல் மெல்பர்ன் மாநாட்டிலும் பேசி, அதையே உறுதி செய்தார்கள். கருவேலம் வேச்செல்லியா ஆனது. எங்கள் பேராசிரியர் உலர்தாவரத் தாள்களில் பெயரை ஒவ்வொன்றாக மாற்றி எழுதிய அந்த வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

செடிக்கு மனம் நோகாது. மனிதர்களை வகைப்படுத்தும்போது அப்படி இருந்துவிட முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் நான்கைந்து புத்தகங்களை என் மேஜையில் கொண்டுவந்து வைத்து, "மேடம், இதெல்லாம் ஏன் நோய்ப் பகுதியில இருக்கு?" என்று கேட்டார். ஒருபாலீர்ப்பு பற்றிய புத்தகங்கள். எல்லாம் 616இல், மனநோய்களுக்கு நடுவே இருந்தன. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1973இலேயே அதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று நீக்கியது. எங்கள் அலமாரிக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

எடுத்துப் பார்த்தேன். ஒன்று மட்டும் 1960களின் மருத்துவ நூல். அதை நோய் என்றே பேசுவது. மற்றவை பிற்காலத்தில் வந்த சமூகவியல் நூல்களும் தன்வரலாறுகளும். பழைய நூலின் எண்ணைப் பார்த்து அதையே இவற்றுக்கும் ஒட்டியிருந்தோம். 'ஒட்டியிருந்தோம்' என்றுதான் சொல்ல வேண்டும், இரண்டில் இருந்தது என் கையெழுத்து. பின்வந்த நூல்களை அன்றே சமூகப் பகுதியில் 306க்கு மாற்றினேன். பழைய மருத்துவ நூலை மட்டும் அங்கேயே விட்டேன். மருத்துவம் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தது, அந்தத் தடயத்தை நான் அழிக்கக் கூடாது என்று பட்டது. இது சரிதானா என்று நூலகர் நண்பர்களோடு இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறேன். சிலர் அதையும் எடுத்திருக்க வேண்டும் என்கிறார்கள். அந்த மாணவர் தன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அடிக்கடி நூலகத்துக்கு வந்தார்.

இந்த இடத்தில் சீ. இரா. அரங்கநாதனை நினைக்காமல் இருக்க முடியாது. 1892இல் சீர்காழியில் பிறந்தவர், மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானவர். பயிற்சிக்கு லண்டன் போனபோது ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். அதே சில துண்டுகளைக் கோத்தால் ஒரு நேரம் வண்டி, ஒரு நேரம் பாலம். பொருளை முன்கூட்டியே பெட்டியில் அடைக்க வேண்டாம், துண்டுகளை வைத்துக்கொண்டு தேவைக்குக் கோக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. 1933இல் அவருடைய பகுப்பு முறையான கோலன் பகுப்பு வெளிவந்தது. எது, எதனால் ஆனது, என்ன செயல், எங்கே, எப்போது என்று ஐந்து முகங்களாகப் பிரித்துக் குறிகளால் இணைப்பார். பனை, சாறு, காய்ச்சுதல், தென் தமிழகம், இருபதாம் நூற்றாண்டு. என் புத்தகத்துக்கென்றே செய்தது போல இருக்கிறது. டியூயி 200இல் கிறித்தவத்துக்குப் பெரும்பகுதி எண்களைக் கொடுத்துவிட்டு, உலகின் மற்ற எல்லாச் சமயங்களையும் 290க்குள் நெருக்கி உட்காரவைத்ததைப் பார்க்கும்போது, அரங்கநாதனின் அருமை எனக்கு இன்னும் கூடுகிறது.

ஆனால் அவர் முறையிலும் புத்தகம் ஓரிடத்தில்தான் நிற்க வேண்டும். பன்னிரண்டாம் நாள் அதை மறுபடி முதலிலிருந்து புரட்டினேன். பக்கங்களை எண்ணினால் பாதிக்கு மேல் ஏறுகிறவர்களின் உடல்வலி, கூலி, கடன், விழுந்து இறந்தவர்களின் குடும்பம். தொழிலாளர் பற்றிய 331இல் வைப்பதாக முடிவு செய்தேன். கணினிப் பட்டியலில் தாவரவியல், வனச் சட்டம், கருப்பட்டி, பதநீர், தொல்காப்பியம் உட்பட ஏழு பொருள்தலைப்புகள் சேர்த்தேன். பேராசிரியருக்கு இன்னும் வருத்தம்தான்.

அண்ணாச்சியிடம் ஒட்டக் கொடுத்தேன். எண்ணை ஒருமுறை வாசித்துப் பார்த்தார்.

"இதுக்குப் பக்கத்துல யாரு மேடம் இருக்கா?"

"ஒரு பக்கம் பீடி சுத்துறவங்க. இன்னொரு பக்கம் உப்பளத்து ஆட்கள்."

"அப்ப சரி" என்றார். அலமாரியில் உப்பளப் புத்தகத்தைக் கொஞ்சம் நகர்த்தி இடம் பண்ணினார்.