ஆலன் கவுண்டியில் குடும்ப வரலாறு தேடுவோருக்கு

இந்தியானா மாநிலத்தின் வடகிழக்கில், செயின்ட் ஜோசஃப், செயின்ட் மேரிஸ் ஆகிய இரண்டு ஆறுகளும் கூடி மௌமீ ஆறாகப் புறப்படும் இடத்தில் ஃபோர்ட் வேய்ன் நகரம் அமைந்திருக்கிறது. அந்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆலன் கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி) பொது நூலகத்தில் 1961-இல் உருவான குடும்ப வரலாற்று மையம், இத்துறையில் அமெரிக்காவின் மிகப் பெரிய தொகுப்புகளுள் ஒன்று. கட்டணம் எதுவுமின்றி எவரும் உள்ளே சென்று பார்க்கலாம். இவ்வளவு பெரிய செல்வத்தை ஒரு கவுண்டி நூலகம் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருப்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மதிப்பு கூடுகிறது.

ஆனால் அங்கே வருபவர்களில் பலர் கொள்ளுத் தாத்தாவின் பெயரைக் கணினியில் தட்டிவிட்டு, ஒன்றும் கிடைக்கவில்லை என்று சோர்ந்துவிடுகிறார்கள். எந்த அலுவலகம், எந்த ஆண்டு முதல், எதற்காக எழுதி வைத்தது என்பதை முதலில் அறிந்துகொண்டால் இந்தச் சோர்வில் பாதி குறையும். இந்தியானாவில் பிறப்பு, இறப்புகளைக் கவுண்டி சுகாதார அலுவலகங்கள் பதியத் தொடங்கியது 1882-இல்தான். அதன் பிறகும் பல ஆண்டுகள் விடுபட்ட பெயர்கள் ஏராளம். எனவே 1860-இல் பிறந்த ஒருவருக்குப் பிறப்புச் சான்றிதழ் தேடுவதில் பயனில்லை. திருமணப் பதிவுகளோ 1824-இல் கவுண்டி அமைந்த காலத்தையொட்டியே தொடங்கிவிடுகின்றன. எனினும் மணமக்களின் பெற்றோர் பெயர்களைப் பொதுவாக 1906-க்குப் பிந்தைய விண்ணப்பங்களில்தான் எதிர்பார்க்க முடியும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அப்படித்தான். 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும். மற்றவர்கள் வயதுவாரியாக வெறும் எண்களாக நிற்பார்கள். 1850-இல்தான் அடிமையல்லாத ஒவ்வொருவருடைய பெயரும் இடம்பெற்றது. ஆயினும் யார் யாருக்கு என்ன உறவு என்பது 1880 வரை குறிக்கப்படவில்லை என்பதால், ஒரே வீட்டில் இருக்கும் ஓர் இளம்பெண்ணை மகள் என்று எழுதிவிடுவதற்கு முன் அவள் தங்கையாகவோ மருமகளாகவோ வேலைக்கு வந்தவளாகவோ இருக்கலாம் என்று ஐயுற வேண்டும். 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் பெரும்பகுதி, 1921-இல் வாஷிங்டனில் நேர்ந்த தீ விபத்தையடுத்து அழிந்துபோனது. இதனால் 1880-க்கும் 1900-க்கும் இடையே விழுந்த இருபதாண்டு இடைவெளியை நிரப்ப எனக்குத் தெரிந்த நல்ல துணை, நகர முகவரிக் கையேடுகள். ஒருவர் செய்த தொழிலும் குடியிருந்த தெருவும் அவற்றில் பதிவாகியிருக்கும். ஒரு பெண்ணின் பெயரருகே இன்னாரின் விதவை என்ற குறிப்பு முதன்முதலாக எந்த ஆண்டுக் கையேட்டில் வருகிறது என்று பார்த்தால், கணவர் இறந்த காலம் ஏறக்குறையப் பிடிபட்டுவிடும்.

நில ஆவணங்களைப் பலர் அலுப்போடு தள்ளி வைக்கிறார்கள். எனக்கோ அவற்றின்மீதுதான் பற்று அதிகம். கூட்டரசு நிலங்களை விற்பதற்கான அலுவலகம் 1823-இல் ஃபோர்ட் வேய்னில் திறக்கப்பட்டது. அப்படி விற்கப்பட்ட நிலங்களுக்கான பட்டயங்களைக் கூட்டரசின் நில நிர்வாகத் துறை இணையத்தில் இலவசமாகக் காட்டுகிறது. பக்கத்துக்கு ஆறு மைல் உள்ள சதுரம் ஒரு டவுன்ஷிப். அது 36 பிரிவுகளாகவும், ஒவ்வொரு பிரிவும் 640 ஏக்கராகவும் வகுக்கப்பட்டது. "12-ஆம் பிரிவின் தென்கிழக்குக் காலின் வடமேற்குக் கால்" என்று ஒரு பட்டயம் சொல்வதாக வைத்துக்கொள்வோம். 640-இல் கால் பங்கு 160, அதில் கால் பங்கு 40 ஏக்கர் என்று தெரிந்ததும், அந்தத் துண்டை வரைபடத்தில் குறித்துவிட்டுச் சுற்றியுள்ள துண்டுகளின் உரிமையாளர்களைப் பார்க்க வேண்டும். உறவினர்கள் அடுத்தடுத்த நிலங்களை வாங்கிக் குடியேறுவது அக்காலத்தில் வழக்கம். மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர் பல நேரங்களில் வேலிக்கு அப்பால் கிடைத்துவிடும்.

நீதிமன்றத்தின் உயில், வாரிசுக் கோப்புகளையும் விட்டுவிடக் கூடாது. தந்தை இறந்து பிள்ளைகளுக்குச் சொத்து சேர வேண்டியிருந்தால், தாய் உயிரோடு இருந்தாலும் பாதுகாவலர் ஒருவரை நீதிமன்றம் நியமிப்பது உண்டு. கோப்பில் அநாதை என்று எழுதியிருப்பதைக் கொண்டே தாயும் இறந்துவிட்டதாக முடிவு கட்டுவது தவறு. வாபாஷ் ஈரி கால்வாய் வேலை 1832-இல் ஃபோர்ட் வேய்னில் தொடங்கிய காலத்திலிருந்து ஜெர்மானியக் குடும்பங்கள் பெருமளவில் வந்து சேர்ந்தன. அவர்களுடைய சொந்த ஊரை அரசு ஆவணங்கள் பிரஷ்யா, பவேரியா என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திவிட, லூதரன், கத்தோலிக்கத் திருச்சபைகளின் ஞானஸ்நான, அடக்கப் பதிவேடுகளில்தான் கிராமத்தின் பெயரைக் காணும் வாய்ப்பு அதிகம். பழைய ஜெர்மன் கையெழுத்தைப் படிக்கப் பழகும் உழைப்பு இதற்குத் தகும்.

பெர்சி என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் பருவ இதழ் அட்டவணையும் இந்த மையத்தின் ஆக்கமே. சிறு வரலாற்றுக் கழகங்கள் வெளியிட்ட இதழ்களில் எந்தக் குடும்பத்தையோ ஊரையோ பற்றிய கட்டுரை வந்திருந்தாலும், அதை எங்கே தேடுவது என்று அது வழிகாட்டும். வேறு மாநிலத்து ஆய்வாளர்களுக்கும் இது பயன்படுவதால், ஒரு கவுண்டியின் எல்லைக்குள் அடங்காத தொண்டு என்றே இதைக் கருதுகிறேன்.

கவுண்டி ஆவணங்கள் எல்லோரையும் ஒரே கண்ணால் பார்க்கவில்லை. 1851-ஆம் ஆண்டின் மாநில அரசியல் சட்டம் கறுப்பினத்தவர் புதிதாக வந்து குடியேறுவதைத் தடை செய்தது. ஏற்கெனவே வாழ்ந்தவர்களைப் பதிவேட்டில் குறிக்கும்படி கவுண்டி எழுத்தர்கள் பணிக்கப்பட்டார்கள். அநீதியான அந்தச் சட்டத்தால் எழுதப்பட்ட வயது, பிறந்த இடம், உடல் அடையாளம் ஆகியவைதான் இன்று அவர்களுடைய வழித்தோன்றல்கள் சிலருக்குக் கிடைக்கும் அரிய சான்றுகள். கெகியோங்கா என்ற பெயரில் இந்த ஆற்றுச் சந்திப்பைத் தலைநகராகக் கொண்டிருந்த மயாமி என்னும் பூர்வகுடி மக்களில் பலர் 1846 அக்டோபரில் கால்வாய்ப் படகுகளில் ஏற்றப்பட்டு இவ்வழியாகவே மேற்கே அனுப்பப்பட்டனர். விலக்குப் பெற்ற குடும்பங்கள் இந்தியானாவிலேயே தங்கின. எனவே மயாமி குடும்பமொன்றைத் தேடுபவர் கவுண்டி நீதிமன்றத்தில் தொடங்குவதைவிட, அரசோடு செய்த ஒப்பந்தங்களில் தனிநபர்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலங்களின் பட்டியல்களிலும், அந்த ஒப்பந்தங்களின்படி அரசு ஆண்டுதோறும் கொடுத்த தொகையைப் பெற்றவர்களைக் குறித்து, தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள பட்டியல்களிலும் தொடங்குவது நல்லது. ஒரே பெயரைப் பிரெஞ்சுக்காரர் ஒரு விதமாகவும் ஆங்கில எழுத்தர் வேறு விதமாகவும் எழுதியிருப்பார்கள் என்பதால், எல்லா வடிவங்களையும் குறித்து வைத்துக்கொண்டு தேட வேண்டும்.