அந்தப் பாட்டு மூன்றாம் தடவை வந்தால் மணி ஆறு

எங்கள் சலூனில் ஷாம்பூ பேசின் பக்கம் வேலை பார்க்கும் பெண் வாட்ச் கட்டுவதில்லை. நாள் முழுக்கக் கை தண்ணீரில்தான். ஒருநாள் சாயங்காலம் தலை அலசிக்கொண்டிருந்தவள், "மணி ஆறாச்சுக்கா, இவங்களை முடிச்சிட்டுக் கிளம்புறேன்" என்றாள். அந்தப் பக்கம் கடிகாரமே கிடையாது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். "விசில் அடிச்சு ஒரு இங்கிலீஷ் பாட்டு ஆரம்பிக்குமேக்கா, அது பன்னண்டுக்கு ஒரு தடவை, மூணுக்கு ஒரு தடவை. மூணாவது தடவை வந்தா ஆறு."

அந்த லிஸ்ட்டைப் போட்டவள் நான்தான். மூன்று மணி நேரப் பாட்டு. ஹேர்கட்டுக்கு முக்கால் மணி, கலருக்கு இரண்டரை மணி. அதனால் கஸ்டமர் யாரும் ஒரே பாட்டை இரண்டு தடவை கேட்க வாய்ப்பில்லை என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். காலை பத்து முதல் இரவு எட்டு வரை அங்கேயே நிற்கிற பதினான்கு பேர் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

நுங்கம்பாக்கத்தில் கடையைத் திறந்தபோது முதலாளியம்மா எனக்குச் சொன்னது ஒரே வரி: "தமிழ்ப் பாட்டு வேண்டாம், ஊர் சலூன் மாதிரி ஆயிடும்." எனக்குச் சுருக்கென்றது. சின்ன வயதில் தம்பியை முடிவெட்டக் கூட்டிப்போன எங்கள் ஊர் சலூன் நினைவுக்கு வந்தது. 'இங்கே அரசியல் பேசாதீர்' என்று போர்டு. அதன் கீழேயே அரசியல். எல்லாவற்றுக்கும் மேலே ரேடியோ. நல்ல பாட்டு வந்துவிட்டால் முடிவெட்டுபவர் கத்தரியைக் காற்றில் நிறுத்திவிட்டு பல்லவி முடிகிறவரை காத்திருப்பார். தம்பி தலை குனிந்தபடியே இருப்பான்.

சரி, சம்பளம் கொடுப்பவர் சொல்கிறார். லவுஞ்ச், பிரேசில்காரர்களின் மென்மையான போசா நோவா, கொஞ்சம் பழைய ஜாஸ் என்று போட்டேன். படிக்கவும் செய்தேன். 1982-இல் ரொனால்ட் மில்லிமன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் மெதுவான இசையையும் வேகமான இசையையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். மெதுவான இசை ஒலித்த நாட்களில் மக்கள் மெதுவாக நடந்தார்கள், விற்பனை 38 சதவீதம் கூடியிருந்தது. அதை அப்படியே நம்பி எல்லாவற்றையும் மெதுவாக்கினேன். ஆனால் எங்களிடம் இருப்பது ஒன்பது நாற்காலி. சனிக்கிழமை சாயங்காலம் ஒருவர் இருபது நிமிடம் கூடுதலாகச் சாய்ந்து உட்கார்ந்தால், ரிசப்ஷனில் அடுத்தவர் முகம் சுளிப்பதுதான் மிச்சம். அதே பேராசிரியர் 1986-இல் ஓட்டலில் பார்த்தபோதும், மெதுவான இசைக்கு ஆட்கள் அதிக நேரம் உட்கார்ந்தார்கள். கூடியது சாப்பாட்டு பில் அல்ல, மது பில். நாங்கள் கொடுப்பது கிரீன் டீ. அதுவும் இலவசம்.

நாற்காலியில் இருப்பவரைவிடக் கத்தரி பிடித்திருப்பவரைத்தான் பாட்டின் வேகம் முதலில் பிடிக்கிறது என்பது நின்று பார்த்துத் தெரிந்துகொண்ட விஷயம். வேகமான தாளத்துக்கு எங்கள் பையன்களின் கத்தரிச் சத்தமே மாறும். மிசோரமிலிருந்து வந்த இரண்டு ஸ்டைலிஸ்டுகள் சர்ச்சில் பாடி வளர்ந்தவர்கள். பாட்டில் சுருதி கொஞ்சம் பிசகினால்கூட அவர்கள் முகத்தில் தெரிந்துவிடும்.

முதல் வருடம் நடந்த கூத்துகளைச் சொல்லாமல் இருக்க முடியாது. காசு கட்டாத ஆப்பில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணப் பெண் ஒருத்திக்கு ட்ரையல் மேக்கப் நடக்கிறது, சுற்றி அம்மா, அத்தை, நாத்தனார். பாட்டு நின்று, கணீரென்று ஒரு ஆண் குரல்: "முடி கொட்டுகிறதா? கவலை வேண்டாம்!" அன்றே காசு கட்டினேன். அப்புறம்தான் அந்த மாதச் சந்தா வீட்டில் கேட்பதற்கு மட்டும், கடைக்குச் செல்லாது என்று தெரிந்தது. கடையில் பாட்டு போட்டால் பொது இடத்தில் ஒலிபரப்புவதாகக் கணக்கு. பாட்டெழுதியவர், இசையமைத்தவர் தரப்புக்கு ஐ.பி.ஆர்.எஸ். என்ற அமைப்பு, ஒலிப்பதிவு உரிமை வைத்திருப்பவர்கள் தரப்புக்கு பி.பி.எல். என்ற அமைப்பு என்று லைசென்ஸ் தனித்தனி. முதலாளியம்மா முணுமுணுத்தார். நான் கட்டச் சொன்னேன். நம் உழைப்புக்கு இவ்வளவு வாங்குகிறோம், பாட்டுக்காரர் உழைப்பு மட்டும் ஓசியா?

இன்னொன்று ஸ்பீக்கர். கூரையில் ஆறு ஸ்பீக்கர், மூன்று இடது, மூன்று வலது. பழைய ஸ்டீரியோ பதிவுகள் சிலவற்றில் பாடுபவர் குரல் ஒரு பக்கமும் வாத்தியம் மறுபக்கமும் பிரிந்திருக்கும். ஜன்னலோர நாற்காலியில் குரல் மட்டும், கலர் போடும் நாற்காலியில் வெறும் டிரம் மட்டும். ஃபாயில் சுற்றிக்கொண்டு முக்கால் மணி நேரம் டிரம் கேட்ட அம்மா, "மேல மாடியில ஏதாவது வேலை நடக்குதா?" என்று கேட்டார். எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும்படி மோனோவுக்கு மாற்றிய பிறகுதான் அது தீர்ந்தது. ட்ரையர் தொல்லை இன்னும் தீரவில்லை. ட்ரையர் ஓடும்போது யாராவது சத்தத்தைக் கூட்டுவார்கள். நின்றதும் குறைக்க மறப்பார்கள்.

மொத்தமாக அணைத்தும் பார்த்தேன், ஒரே ஒரு நாள் காலை. மூன்றாம் நாற்காலியில் ஒருவர் தன் ஸ்டைலிஸ்டிடம் மாமியார் வீட்டு விவகாரம் சொல்ல, நான்காம் நாற்காலி பத்திரிகையின் பக்கத்தையே திருப்பாமல் உட்கார்ந்திருந்தது. பாட்டு எங்களுக்கு ஒரு திரைச்சீலை. வாயைத் திறந்து பேச வேண்டுமானால் அது தொங்கத்தான் வேண்டும்.

தமிழ்ப் பாட்டு விஷயத்தில் முதலாளியம்மா சொன்ன காரணம் இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேறொரு காரணத்தால் அவர் பாதி சரி. அவர் ஊரில் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை துணிந்து எண்பதுகளின் பாட்டைப் போட்டேன். கடையே மலர்ந்துவிட்டது. ஒரு அம்மாவுக்கு நெற்றி முடியை நேராக வெட்டிக்கொண்டிருந்தார்கள். சரணத்தில் ஒரு திருப்பம் வந்தது. அவர் தலையும் அதோடு திரும்பியது. வலப்பக்கம் அரை அங்குலம் குறைந்துபோனது. நல்ல மனுஷி, சிரித்துவிட்டார். இன்னொருவர் ஒரு சோகப் பாட்டுக்கு, ஃபாயில் தலையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டார். புரிகிற மொழியில் பாட்டு ஒலித்தால் நாம் அதைக் கேட்டுவிடுகிறோம். கத்தரிக்குப் பக்கத்தில் அது ஆபத்து.

வாட்ச் இல்லாத பெண் கணக்குச் சொன்ன பிறகுதான் இது எனக்குப் பிடிபட்டது. பேசினில் கத்தரி கிடையாது, கழுத்து பள்ளத்தில் பதிந்திருக்கும், கண் மூடியிருக்கும், தலை ஆட வழியே இல்லை. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, பேசின் பக்கத்து ஸ்பீக்கரை மட்டும் தனியாகப் பிரித்தேன். அங்கே என்ன பாட்டு என்பது அவள் இஷ்டம், தமிழ்தான் போடுகிறாள், தண்ணீர்ச் சத்தத்தை மீறாத அளவில். முதலாளியம்மாவிடம் பேசின் தரை மாற்றும் செலவோடு சேர்த்துச் சொன்னேன். பில்லைப் பார்த்தார், பாட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மற்ற பக்கத்துக்கு ஆளுக்கொரு நாள் முறை வைத்து லிஸ்ட் போடுகிறார்கள். வியாழன் மிசோரம் பையன்களுடையது.

ஒரு சங்கடம் மட்டும் உண்டு. தினம் ஒரு லிஸ்ட் என்றானதால் அவளுக்கு நேரம் தெரிவதில்லை. ஐந்தரைக்கே ஆரம்பித்துவிடுகிறாள், நுரைக் கையோடு பேசினுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "அக்கா, டைம் என்ன?"